முதலில் டிராவா, ஹோல்டெமா? போக்கர் கற்கத் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

போக்கர் கற்றுக்கொள்ள ஆசை என்று யாராவது சொன்னால், "எந்த போக்கர்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அது ஒரே ஆட்டம் என்ற நினைப்பு. உண்மையில் போக்கர் ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் புதியவர் எதிர்ப்படக்கூடியவர்கள் நான்கு பேர்: ஐந்து சீட்டு டிரா, டெக்ஸஸ் ஹோல்டெம், ஏழு சீட்டு ஸ்டட், ஒமாஹா. இவற்றில் எதில் தொடங்குவது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ஹோல்டெமைக் காட்டுவார்கள். தொலைக்காட்சியில் வருவது அதுதான், செயலியைத் திறந்தால் முதலில் நிற்பதும் அதுதான். எப்படியும் அங்கேதானே போகப்போகிறோம், நேராகப் போய்விடலாம் என்பது நியாயமான யோசனைதான். நானும் அப்படித்தான் போனேன்.

போன மூன்றாவது நாள் நடந்தது இது. என் கையில் ஒரு ஏஸ், ஒரு 4. மேசையில் 2, 3, 5, இரண்டு ராஜா. பக்கத்தில் இருந்தவர் ஏஸையும் ராஜாவையும் விரித்து, "மூணு ராஜா" என்றார். என்னிடம் ஒரு ஜோடிகூட இல்லை, மேசையில் கிடக்கும் ராஜாக்கள் எல்லாருக்கும் பொது. சரி, தோற்றோம் என்று என் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே நடுவில் தள்ளிவிட்டேன். அப்புறம் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக் கலைக்கும்போதுதான் உறைத்தது: ஏஸ், 2, 3, 4, 5. வரிசையாக ஐந்து. ஸ்ட்ரெய்ட். அது மூன்று ராஜாவை அடித்திருக்கும். கவிழ்த்துத் தள்ளிய சீட்டுக்கு உயிர் கிடையாது என்பது போக்கர் விதி. விரித்து வைத்திருந்தால் நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சீட்டு என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு.

அன்று எனக்குத் தெரியாமல் போனது ஒரு விதி அல்ல. ஏஸ் 5-க்குக் கீழேயும் நிற்கும் என்று படித்துத்தான் இருந்தேன். ஏழு சீட்டுக்குள் அந்த ஐந்தைப் பார்க்கக் கண் பழகவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. போக்கரின் அடிப்படை விதிகள் என்று நாம் ஒரே மூட்டையாகச் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, எந்தக் கை எதைவிடப் பெரிது. இன்னொன்று, பந்தயம் மேசையைச் சுற்றி எப்படி நகர்கிறது. நான்கு ஆட்டத்துக்கும் முதல் பாடம் பொது. இரண்டாவது மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் மாறும். எதில் தொடங்குவது என்ற கேள்வியை இப்படித் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம்: எந்த ஆட்டம் எந்தப் பாடத்தைச் சுலபமாகச் சொல்லித் தருகிறது?

கையைப் படிப்பது

எந்த போக்கரிலும் கடைசியில் எண்ணப்படுவது ஐந்து சீட்டுதான். டிராவில் உங்கள் கையில் இருப்பதே ஐந்து. அதுதான் உங்கள் கை, தேட வேண்டியதில்லை. ஹோல்டெமிலும் ஸ்டட்டிலும் ஏழு சீட்டிலிருந்து ஐந்தைப் பொறுக்க வேண்டும். அதற்கு 21 வழி உண்டு. ஒமாஹாவில் கையிலுள்ள நான்கில் கட்டாயம் இரண்டு, மேசையிலுள்ள ஐந்தில் கட்டாயம் மூன்று. அது 60 வழி. ஒன்று, இருபத்தொன்று, அறுபது. தொடங்குபவருக்கு எது எளிது என்பதற்கு இந்த மூன்று எண்களைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கைகளின் வரிசையை மனப்பாடம் செய்யப் பலர் அட்டை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். தப்பில்லை. ஆனால் காரணம் தெரிந்தால் பாதி மனப்பாடம் தானாக வந்துவிடும்: அரிதாக வருவது பெரிது. 52 சீட்டில் ஐந்தை எடுக்க 25,98,960 வழி. அதில் 13 லட்சத்துக்குச் சற்று மேலே, அதாவது சரிபாதி, ஒன்றுமே சேராத கை. அதற்கு மேலே ஒரு ஜோடி, சுமார் 42 சதவீதம். இரண்டு ஜோடி என்றதும் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரே எண்ணில் மூன்று, 2 சதவீதம். அதன்பின் எண்ணிக்கையாகவே சொல்லிவிடலாம்: வரிசையாக ஐந்து வரும் ஸ்ட்ரெய்ட் 10,200 வழி, ஒரே பூவில் ஐந்து வரும் ஃப்ளஷ் 5,108, மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் 3,744, ஒரே எண்ணில் நான்கு 624, ஒரே பூவில் வரிசை வரும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 40. அந்த 40-இல் நான்குதான் 10 முதல் ஏஸ் வரை வரும் ராயல் ஃப்ளஷ். அதைப் பற்றி நிறையப் பேசுவார்கள், மேசையில் பார்த்தவர்கள் குறைவு.

புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷ்ஷும். எது பெரிது? ஃப்ளஷ். எண்ணிக்கை பாதிதான், பாருங்கள். இன்னும் இரண்டு விஷயம். பூக்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. ஸ்பேடு ஃப்ளஷ்ஷும் கிளாவர் ஃப்ளஷ்ஷும் சமம், உள்ளே இருக்கும் பெரிய சீட்டை வைத்துத்தான் தீர்ப்பு. துருப்பு வைத்து ஆடிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். அடுத்தது, ஏஸ் மேலேயும் நிற்கும் கீழேயும் நிற்கும், ஆனால் நடுவில் நிற்காது. ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்று வளைத்துக்கொண்டு போனால் அது ஸ்ட்ரெய்ட் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வரிசை ஐந்து சீட்டுக்குப் பொருந்துகிற வரிசை. ஏழு சீட்டிலிருந்து பொறுக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது: ஒன்றுமில்லாத கை 17.4 சதவீதம்தான், ஒரு ஜோடி 43.8, இரண்டு ஜோடி 23.5. அதாவது ஹோல்டெமில் ரிவர் என்ற கடைசிப் பொதுச்சீட்டு வரை போனால், ஒன்றுமில்லாமல் இருப்பது இரண்டு ஜோடியைவிட அரிது! ஆனாலும் வரிசை பழையபடிதான் நிற்கிறது. அரிதாக வருவது பெரிது என்பதை ஹோல்டெமில் ஆடிப் பார்த்துப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். டிராவில் அது கண்ணெதிரே நடக்கும். பத்து முறை சீட்டுப் போட்டால் ஏறக்குறைய ஐந்து முறை வெறுங்கை, நான்கு முறை ஒரு ஜோடி.

டிரா: ஒரு கையை அருகில் வைத்துப் பார்ப்போம்

விதி ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடியது. எல்லாரும் ஆளுக்கு ஒரு சிப் நடுவில் வைக்கிறார்கள். இதற்கு ஆன்டி என்று பெயர். ஐந்து சீட்டு கவிழ்த்துப் போடப்படும். ஒரு சுற்றுப் பந்தயம். பிடிக்காத சீட்டைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாம். இன்னொரு சுற்றுப் பந்தயம். மிச்சம் இருப்பவர்கள் விரிக்கிறார்கள். மூன்று சீட்டு வரைதான் மாற்றலாமா, ஐந்தையும் மாற்றலாமா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்; உட்காரும் முன் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் ஆடுகிறார்கள் என்று வையுங்கள். முதல் சுற்றில் பந்தயம் 2 சிப், சீட்டு மாற்றியபின் 4 சிப். நீங்கள் நடுவில். கையில் ஸ்பேடு 8, ஆட்டின் 8, டைமன் ராஜா, கிளாவர் 5, ஆட்டின் 2. ஆன்டி மூன்றும் நடுவில் கிடக்கிறது. (நடுவில் சேர்வதற்கு pot என்று ஆங்கிலப் பெயரும் உண்டு, தமிழில் அதை எழுதினால் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. குவியல் என்றே சொல்கிறேன்.) உங்களுக்கு முன்னால் இருப்பவர் "செக்" என்கிறார்: இப்போதைக்கு ஒன்றும் வைக்கவில்லை, ஆட்டத்தில் இருக்கிறேன் என்று பொருள். நீங்கள் 2 வைக்கிறீர்கள். குவியல் 5. சீட்டுப் போட்டவர் "ரெய்ஸ்" என்று 4 வைக்கிறார். குவியல் 9. செக் சொன்னவர் தன் சீட்டைக் கைவிட்டு ஒதுங்குகிறார், அது ஃபோல்ட். நீங்கள் வித்தியாசம் 2-ஐப் போட்டு ஈடுகட்டுகிறீர்கள், அது கால். குவியல் 11.

சுற்று முடிந்துவிட்டது. சீட்டுப் போட்டவர் இன்னொரு தடவை ஏற்ற முடியாது. ஏன்? ஆட்டத்தில் மிச்சமிருக்கும் எல்லாரும் சமமாக வைத்தாயிற்று, கடைசியாக ஏற்றியவரும் அவரே. இந்த ஒரு வரி பிடிபட்டுவிட்டால் எந்த போக்கரிலும் பந்தயச் சுற்று பிடிபட்டுவிடும். நான் பார்த்தவரை புதியவர்கள் வேறெங்கேயும்விட இங்கேதான் அதிகம் திணறுகிறார்கள்.

இப்போது மாற்றும் நேரம். நீங்கள் எட்டுகளை வைத்துக்கொண்டு மூன்றைக் கொடுக்கிறீர்கள். ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று வாங்கினால் கை உயர்வதற்கு வாய்ப்பு 28.7 சதவீதம், அதில் மூன்றாவது எட்டு மட்டும் வந்து சேர 11.4. எதிரில் இருப்பவர் ஒரே ஒரு சீட்டு மாற்றுகிறார். இங்கேதான் டிரா சுவாரசியமாகிறது. எதிராளியைப் பற்றிச் சீட்டு சொல்லும் ஒரே தகவல், அவர் எத்தனை மாற்றினார் என்பதுதான். ஒன்று மாற்றினால் இரண்டு ஜோடி இருக்கலாம், அல்லது ஃப்ளஷ்ஷுக்கு ஒன்று குறைகிறது. மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு கண்ணில் மண் தூவவும் ஒன்றை மாற்றலாம். உங்களுக்கு வந்த மூன்றில் ஒன்று டைமன் 8. செக் சொல்கிறீர்கள். அவர் 4 வைக்கிறார், நீங்கள் ஈடுகட்டுகிறீர்கள். இரண்டு ஜோடியை விரிக்கிறார். 19 சிப் உங்கள் பக்கம்.

இவ்வளவுதான் டிரா. அரை மணி நேரத்தில் பத்துப் பதினைந்து கை ஓடிவிடும், கைவரிசையும் பந்தயச் சுற்றும் சேர்ந்தே பழகிவிடும். குறையும் உண்டு. எல்லாம் மறைவாக இருப்பதால் மூன்றாவது மாலையில் அலுப்புத் தட்டும். ஆறு பேருக்கு மேல் சேர்ந்தால் மாற்றுவதற்குச் சீட்டுப் போதாது. இன்றைக்குப் போட்டிகளிலும் மேசைகளிலும் இதை அதிகம் காண முடியாது, அதனால் இதில் தேர்ந்து என்ன பயன் என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. நான் இதை நடைவண்டி என்றுதான் சொல்வேன்.

ஹோல்டெம்: நேராகப் போனால் கிடைப்பதும் இழப்பதும்

ஹோல்டெம் பிறந்த ஊர் டெக்ஸஸில் உள்ள ராப்ஸ்டவுன் என்று அந்த மாநிலச் சட்டமன்றமே 2007-இல் அங்கீகரித்தது. உலகத் தொடர் என்று அழைக்கப்படும் போட்டி 1970-இல் லாஸ் வேகாஸில் தொடங்கியது. அதன் முதன்மைப் போட்டி ஆடப்படுவது இதில்தான். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் நடந்த ஒரு சிறு தகுதிப் போட்டி வழியாக உள்ளே வந்து, 839 பேரைக் கொண்ட அந்தப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அதற்கப்புறம் போக்கர் என்றாலே ஹோல்டெம் என்றாகிவிட்டது. கற்க ஆள் வேண்டும், பாடம் வேண்டும், காணொளி வேண்டும் என்றால் எல்லாம் இதற்குத்தான் குவிந்து கிடக்கிறது. இதன் பக்கம் இருக்கும் மிகப் பெரிய வாதம் இதுவே.

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்ந்து வரும். மேசையில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பின் ஒன்று, பின் ஒன்று: ஃப்ளாப், டர்ன், ரிவர். நான்கு பந்தயச் சுற்று. ஆன்டிக்குப் பதிலாக இரண்டு பேர் மட்டும் கட்டாயமாக வைப்பார்கள். பட்டன் என்ற வட்டு யார் முன் இருக்கிறதோ அவருக்கு இடப்புறம் சின்ன பிளைண்ட், அடுத்தவர் பெரிய பிளைண்ட். ஒவ்வொரு கைக்கும் பட்டன் இடப்புறமாக ஓர் இடம் நகரும்.

தொடக்கக்காரரைக் குழப்பும் சங்கதி இங்கே இருக்கிறது. ஃப்ளாப்புக்கு முன்பு பேச்சு தொடங்குவது பெரிய பிளைண்டுக்கு அடுத்தவரிடம். ஃப்ளாப்புக்குப் பிறகு தொடங்குவது பட்டனுக்கு அடுத்தவரிடம். பெரிய பிளைண்ட் வைத்தவரிடம் சுற்று திரும்பி வரும்போது, யாரும் ஏற்றாமல் எல்லாரும் ஈடு மட்டும் கட்டியிருந்தாலும் அவருக்கு ஏற்றும் உரிமை உண்டு. "நான்தான் ஏற்கெனவே வச்சிட்டேனே" என்று அவர் பேசாமல் இருக்க, அடுத்தவர் அவசரமாக ஃப்ளாப்பைத் திறந்துவிடுவது புதிய மேசைகளில் வாராவாரம் நடக்கும் கூத்து.

பொதுச்சீட்டு இருப்பதால் இன்னொரு சிக்கல், கிக்கர்: ஜோடி சமமானால் தீர்ப்புச் சொல்லும் மிச்சச் சீட்டு. உங்களிடம் ஏஸும் 7-ம், அவரிடம் ஏஸும் 5-ம். மேசையில் ஏஸ், ராஜா, ராணி, 9, 2. இருவருக்கும் ஏஸ் ஜோடி. ஏழு ஐந்தைவிடப் பெரிதுதானே, நான் வென்றேன் என்று கை நீட்டினால் தப்பு. ஐந்து சீட்டுதான் கணக்கு: ஏஸ், ஏஸ், ராஜா, ராணி, 9. இருவருக்கும் அதே ஐந்து. குவியலைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். எந்த எண்ணைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைவிட எந்த எண் கணக்கிலேயே வரவில்லை என்று பார்ப்பதுதான் இங்கே கடினம். டிராவில் ஐந்தும் உங்களுடையது என்பதால் இப்படி ஒரு கேள்வியே எழாது.

ஆனால் ஹோல்டெமில் கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காது. மேசையில் பாதித் தகவல் திறந்து கிடக்கிறது, எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். இந்த மேசைக்கு மிகச் சிறந்த கை எது, அது யாரிடம் இருக்கலாம் என்று கேட்டுப் பழகலாம். கடைசியில் பேசுவது ஏன் வசதி என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கணக்கும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்: ஃப்ளாப்பில் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு சீட்டு குறைந்தால் மிச்சம் 9 சீட்டு உதவும், அடுத்த சீட்டில் வர வாய்ப்பு 19 சதவீதம், ரிவருக்குள் வர 35. இருபுறமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 8 சீட்டு, ரிவருக்குள் 31.5. பந்தயம் சுற்றி நகரும் பாடத்துக்கு ஹோல்டெம்தான் ஆசான். அங்கே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; ஒரு மாலை கழித்துப் போங்கள் என்கிறேன்.

ஸ்டட், ஒமாஹா

ஸ்டட்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பொதுச்சீட்டு இல்லை. ஆளுக்கு ஏழு சீட்டு: முதலில் இரண்டு கவிழ்ந்தும் ஒன்று திறந்தும், அப்புறம் மூன்று திறந்து, கடைசி ஒன்று கவிழ்ந்து. ஐந்து பந்தயச் சுற்று. முதல் சுற்றில் மிகச் சிறிய சீட்டுத் திறந்திருப்பவர் தொடங்குவார், அதன் பின் மிகப் பெரிய கை வெளியே தெரிபவர் தொடங்குவார். ஆகவே பேச்சு தொடங்கும் இடம் சுற்றுக்குச் சுற்று மாறும். யார் எதைத் திறந்து வைத்திருந்தார், எதைப் போட்டுவிட்டு ஒதுங்கினார் என்று நினைவில் வைத்திருப்பவருக்கே ஆதாயம். நினைவாற்றல் உள்ளவர்களுக்கு அருமையான ஆட்டம். முதல் ஆட்டமாக வேண்டாம்.

ஒமாஹாவில் ஆபத்து வேறு மாதிரி. பார்க்க ஹோல்டெம் போலவே இருக்கும். கையில் இரண்டுக்குப் பதில் நான்கு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஒரு மாலை ஆட்டத்தில் பார்த்தது: மேசையில் நான்கு ஆட்டின். ஒருவர் கையில் ஆட்டின் ஏஸ். கண்கள் மின்னின. இருந்த சிப் அத்தனையும் ஒவ்வொரு சுற்றாக உள்ளே போயின. கடைசியில் விரித்தபோது அவரிடம் ஃப்ளஷ்ஷே இல்லை. கையிலிருந்து இரண்டு சீட்டு கட்டாயம் எடுக்க வேண்டும், அவரிடம் இருந்த ஆட்டின் ஒன்றே ஒன்று. எதிரில் இருந்தவர் ஆட்டின் 6-ம் 4-ம் வைத்து வென்றார். இதே சீட்டு ஹோல்டெமில் வந்திருந்தால் அந்த ஏஸ்தான் ராஜா. ஹோல்டெம் கண்ணோடு ஒமாஹாவுக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதில் வழுக்குவார்கள். ஹோல்டெம் தெரியாமலேயே வந்தால் எங்கே வழுக்கினோம் என்பதே தெரியாது.

அளவு கட்டிய பந்தயமா, அளவில்லாததா?

எந்த ஆட்டம் என்பதைவிட இந்தத் தேர்வுதான் முக்கியம் என்று சில நாட்களில் எனக்குத் தோன்றுவதுண்டு. அளவு கட்டிய ஆட்டத்தில், அதாவது லிமிட்டில், முதல் இரண்டு சுற்றில் இவ்வளவு, அடுத்த இரண்டில் அதைப்போல் இரு மடங்கு என்று நிர்ணயம். சுற்றுக்கு வழக்கமாக ஒரு பந்தயமும் மூன்று ஏற்றமும்தான். 2-4 என்று ஆடினால் ஒரு கையில் ஒருவர் இழக்கக்கூடிய அதிகபட்சம் 8, 8, 16, 16, ஆக 48 சிப். நூறு சிப்போடு உட்கார்ந்தால் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்தாலும் அடுத்த கைக்கு நீங்கள் மேசையில் இருப்பீர்கள். கற்றுக்கொள்ள வந்தவருக்கு வேண்டியது அதுதானே, அடுத்த கை.

நோ லிமிட்டில் எந்த நேரத்திலும் இருப்பதை எல்லாம் உள்ளே தள்ளலாம். திரையில் பார்க்கும் பரபரப்பு இதில்தான். கூடவே விதிகளும் கூடும். ஏற்றுவது என்றால் குறைந்தது முந்தைய பந்தயத்தின் அல்லது ஏற்றத்தின் அளவுக்காவது ஏற்ற வேண்டும். சிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தவணையில் தள்ளினால் முதல் தவணைதான் செல்லும். எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் வைப்பதைத் தடுக்கத்தான் இது. அப்புறம் பக்கக் குவியல். மூவர் இருக்கிறார்கள்: ஒருவரிடம் 30 சிப், மற்ற இருவரிடமும் 80. மூவரும் எல்லாவற்றையும் வைத்துவிட்டால், ஆளுக்கு 30 சேர்ந்து 90 முதன்மைக் குவியல், அதில் மூவருக்கும் உரிமை. மிச்சம் ஆளுக்கு 50, அந்த 100 இருவருக்குள் மட்டும். 30 வைத்தவர் மிகச் சிறந்த கை வைத்திருந்தாலும் 90-ஐத்தான் தொட முடியும். இதை முதல் நாளே தலையில் ஏற்ற வேண்டுமா? எனக்கு வேண்டாம் என்று படுகிறது.

லிமிட் ஹோல்டெமைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அதன் இருவர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய முழுத் தீர்வை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி கொண்டு எட்டியது 2015-இல். அதுவரை அதுவும் அடங்காமல்தான் இருந்தது.

செயலியிலா, சீட்டுக்கட்டிலா?

செயலி வேகமானது. தனியாகப் பழகலாம், ஒரு மணி நேரத்தில் மேசையில் ஆடுவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கை பார்க்கலாம். ஆனால் விதி கற்க அது மோசமான ஆசிரியர், ஏனென்றால் எல்லாவற்றையும் அதுவே செய்துவிடுகிறது. பிளைண்டை அது வைக்கும், யார் முறை என்று அது ஒளிரும், பக்கக் குவியலை அது பிரிக்கும், வென்றவரின் ஐந்து சீட்டையும் அதுவே தூக்கிக் காட்டும். செயலியில் மாதக்கணக்கில் ஆடிய ஒருவர் நேரில் உட்கார்ந்தபோது யார் முதலில் பேச வேண்டும் என்று தெரியாமல் எங்களைப் பார்த்து விழித்தார். நான் தள்ளிவிட்ட அந்த ஸ்ட்ரெய்ட்டைச் செயலி காப்பாற்றியிருக்கும். ஆனால் அப்போது நான் அதைப் பார்க்கவே கற்றிருக்க மாட்டேன். ஆகவே முதல் சில நாள் உண்மையான சீட்டுக்கட்டு, நான்கு பேர், யாராவது ஒருவர் முறை வைத்துச் சீட்டுப் போடுவது. பழகியபின் செயலி.

பணம் வேண்டியதில்லை. ஆனால் ஒன்றுமே பணயமில்லாமல் போக்கர் நடக்காது என்பதும் உண்மை. இழக்க எதுவும் இல்லையென்றால் எல்லாரும் எல்லாக் கையிலும் கடைசி வரை இருப்பார்கள், ஃபோல்ட் என்ற சொல்லுக்கே வேலை இருக்காது. இதற்கு எளிய வழி, ஆளுக்கு 100 சிப் அல்லது 100 தீக்குச்சி, தீர்ந்தால் வெளியே, மறுபடி வாங்க முடியாது. மற்றவர்கள் ஆட, தான் மட்டும் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயமே போதும், ஆட்டம் ஒழுங்காக நடக்கும். பணம் வைத்து ஆடுவதில் சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும், பழக்கமாக இறுகும் ஆபத்தும் உண்டு. விதி கற்கும் கட்டத்தில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

என் வரிசையைக் கேட்டால் இதுதான்: முதல் மாலை டிரா, இரண்டாவது மாலையிலிருந்து லிமிட் ஹோல்டெம், எல்லாரும் கேட்காமலேயே கைகளைச் சரியாகப் படிக்கத் தொடங்கியபின் நோ லிமிட். அதற்கப்புறம் ஒமாஹா. ஸ்டட் ஆசைப்பட்டால். உங்களைத் தவிர மேசையில் எல்லாரும் ஹோல்டெம் தெரிந்தவர்கள் என்றால் மட்டும் இந்த வரிசையை விட்டுவிடலாம். உங்களுக்காக அவர்கள் டிரா ஆடி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அப்போது ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: கடைசிவரை இருந்தால், தோற்றதுபோலத் தெரிந்தாலும், இரண்டு சீட்டையும் விரித்து வையுங்கள். மற்றவர்கள் படித்துச் சொல்வார்கள்.

இருவர் மட்டும்தான் இருக்கிறீர்கள் என்றால் ஹோல்டெமில் ஒரு விதி தலைகீழாகும், பலர் இதில் சண்டை போடுவார்கள். பட்டன் வைத்திருப்பவரே சின்ன பிளைண்டையும் வைப்பார். ஃப்ளாப்புக்கு முன் அவர்தான் முதலில் பேசுவார். ஃப்ளாப்பிலிருந்து ரிவர் வரை அவர்தான் கடைசியில் பேசுவார்.